வெளிநாட்டு ராணியா, உள்ளூர் ராணியா: ஒரே பண்ணையில் வைத்து அளந்து பார்க்கும் முறை

தேனீக் குடும்பத்துக்குப் புது ராணி போட்ட நாலாவது வாரம் பெட்டியைத் திறந்தால் அடை நிறையப் புழு. உடனே குறிப்பேட்டில் "ராணி பிரமாதம்" என்று ஏறிவிடுகிறது. அது முட்டையிடும் வேகத்துக்கான சான்று மட்டுமே. அந்த நேரத்தில் மகரந்தம் சுமப்பதும் புழுவுக்கு ஊட்டுவதும் வாசலில் காவல் நிற்பதும் பெரும்பாலும் பழைய ராணியின் மகள்கள்தான். பழைய ராணியை எடுக்கும் நாளில் அது இட்ட கடைசி முட்டை, 21 நாள் கழித்துப் பணித்தேனீயாக வெளிவரும். வேலை மிகுந்த பருவத்தில் அந்தத் தேனீ இன்னும் ஐந்தாறு வாரம் உயிரோடிருக்கும். ஆகவே எட்டு ஒன்பது வாரம் கடந்த பிறகுதான் அதைப் புது ராணியின் குடும்பம் என்று சொல்ல முடியும். சாதுவா முரடா, தேனீயை ஒட்டி உறிஞ்சும் வர்ரோவா உண்ணியைத் தாங்குமா, சேமித்த தேனைச் சிக்கனமாகச் செலவழிக்குமா என்ற கேள்விகளுக்கு அதற்கு முன் பதில் கிடையாது.

இங்கே பேசுவது பெட்டியில் வளரும் மெல்லிஃபெரா தேனீயை, அதாவது ஐரோப்பியத் தேனீயைப் பற்றி. இந்தியத் தேனீ எனப்படும் செரானா இன ராணியை மெல்லிஃபெரா குடும்பத்துக்கோ, மெல்லிஃபெரா ராணியைச் செரானா குடும்பத்துக்கோ மாற்றிப் போட முடியாது. இரண்டும் வேறு வேறு இனங்கள்.

எதை உள்ளூர் என்பது

பக்கத்து ஊரில் வாங்கினால் அது உள்ளூர் ராணி ஆகிவிடாது. போன வருடம் இறக்குமதி செய்த தாயிடமிருந்து இந்த வருடம் எடுத்த மகள், விற்பவர் எங்கே இருந்தாலும், பாதி வெளி ராணிதான். வேலைக்கு உதவுகிற வரையறை இது: தாய்க் குடும்பம் அதே தட்பவெப்பத்தில், அதே பூக்கால வரிசையில், குறைந்தது இரண்டு முழு ஆண்டுச் சுற்றைத் தாண்டியிருக்க வேண்டும், மகள் அங்கே பறக்கும் ஆண் தேனீக்களோடு கூடியிருக்க வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டியதும் இந்த இரண்டைத்தான். "நல்ல ஜாதி" என்ற பதில் எதற்கும் உதவாது.

உள்ளூர்த்தன்மை வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள லாந்த் பகுதித் தேனீக்கள், கோடை முடிவில் பூக்கும் ஹீதர் செடிக்கு ஏற்ப, ஆண்டின் பிற்பகுதியில் இரண்டாம் முறை புழு வளர்ப்பைக் கூட்டும். அந்தக் குடும்பங்களைப் பாரிஸ் பக்கம் கொண்டுபோனபோதும் அதே தாளத்தில்தான் புழு வளர்த்தன. அங்கே அந்த நேரத்தில் பூ இல்லை. பூக்காலத்தோடு பொருந்தாத புழு வளர்ப்பு என்றால், உணவு வரும்போது ஆள் பற்றாக்குறை, ஆள் நிறைந்திருக்கும்போது பட்டினி.

பெரிய அளவில் நடந்த ஒப்பீடும் இருக்கிறது. 2009 அக்டோபரில் தொடங்கி 2012 வசந்தம் வரை, ஐரோப்பாவில் 20 பண்ணைகளில், 5 துணையினங்களைச் சேர்ந்த 16 மரபு வழிகளில் 597 குடும்பங்களை எந்த நோய் மருந்தும் போடாமல் கவனித்தார்கள். முடிவில் உயிரோடிருந்தவை 15.7 சதவீதம். அந்தந்த இடத்து ராணி கொண்ட குடும்பங்கள், வெளி ராணி கொண்டவற்றைவிடச் சராசரியாக 83 நாள் கூடுதலாகத் தாங்கின. இழப்பில் 38.4 சதவீதம் வர்ரோவாவால், 16.9 சதவீதம் ராணிக் கோளாறால், 7.3 சதவீதம் நோசிமா என்ற குடல் நோயால். இந்த 83 நாளை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோர் அதே ஆய்வின் இன்னொரு முடிவை விட்டுவிடுகிறார்கள்: குடும்பத்தின் ஆயுளை அதிகம் தீர்மானித்தது பண்ணை இருந்த சூழல்தான், மரபு வழியும் ராணி வந்த இடமும் அதற்கு அடுத்த நிலையில்தான். மோசமான இடத்தில் வைத்த பெட்டியை எந்த ராணியும் காப்பாற்றாது. அதனால்தான் வேறு யாரோ எங்கோ அளந்ததை நம்பாமல், சொந்த இடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒப்பீட்டுக்கான ஏற்பாடு

ஒரு பக்கத்துக்கு ஆறு ராணியாவது வேண்டும். ஒரே தாயின் மகள்களுக்குள்ளேயே வேறுபாடு அதிகம். ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்த்து எடுக்கும் முடிவு காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

இரண்டு பக்கத்து ராணிகளுக்கும் வயது ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு வருட உள்ளூர்க் கிழட்டு ராணியை எடுத்துவிட்டு இறக்குமதி இளம் ராணியைப் போட்டு, "வெளி ராணிதான் சிறந்தது" என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அங்கே வென்றது வெறும் வயதுதான். இறக்குமதி ராணி வரும் தேதி தெரிந்ததும் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கூட்டிலிருந்து வெளிவந்து 28 நாளாவது ஆன பிறகு பிடித்துக் கூண்டில் அடைத்த ராணிகள், அதைவிட இளசாகப் பிடித்தவற்றைவிட நன்றாக ஏற்கப்படுகின்றன, நீடிக்கவும் செய்கின்றன. விற்பவரிடம் அந்த வயதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் ராணிக்குப் புழு மாற்றியதிலிருந்து (இளம்புழுவை ராணி வளர்க்கும் கிண்ணத்துக்கு எடுத்து வைத்த நாளிலிருந்து) வெளிவர 12 நாள், பிறகு இந்த 28 நாள், பயணத்துக்கு நான்கைந்து நாள். ஆகப் புழு மாற்றும் வேலையை இறக்குமதி வருவதற்கு ஆறரை வாரம் முன்பே செய்தாக வேண்டும்.

ஆண் தேனீக்கான ஏற்பாடு அதற்கும் முன்னே. ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 24 நாள். கூடுவதற்குத் தயாராக மேலும் ஏறக்குறைய இரண்டு வாரம். கன்னி ராணியோ புழு மாற்றிய சுமார் 19ஆம் நாளே பறக்கத் தயார். எனவே பலமான, தாயோடு உறவில்லாத மூன்று நான்கு குடும்பங்களில் ஆண் அடைச் சட்டத்தைப் புழு மாற்றுவதற்கு மூன்று வாரம் முன்பாகவே போட்டுவிடுங்கள். அந்தக் குடும்பங்களில் உண்ணி எண்ணிக்கையை முன்னதாகக் குறைப்பதும் அவசியம். ஆண் புழு அறைதான் வர்ரோவா மிகவும் விரும்பும் இடம். உண்ணி உறிஞ்சியபடி வளர்ந்த ஆணுக்கு எடையும் குறைவு, விந்தும் குறைவு.

பெட்டிகளைச் சமன்செய்வது அடுத்தது. பல குடும்பங்களிலிருந்து தேனீக்களை ஒரு பெரிய பெட்டியில் உதறிக் கலந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் 1.2 முதல் 1.5 கிலோ வரை எடை போட்டுப் பிரிப்பது சுத்தமான வழி. புழு இல்லாத அந்த நிலையில் உண்ணி மருந்தும் ஒருமுறை கொடுத்துவிட்டால் எல்லாப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே உண்ணி எண்ணிக்கையில் தொடங்கும். பெட்டிகளை நேர்கோட்டில், ஒரே நிறத்தில், ஒரே திசை பார்க்க வைக்காதீர்கள். வழி தவறும் தேனீக்கள் வரிசையின் இரு ஓரங்களிலும் குவியும். உண்ணியும் அவற்றோடு போகும். இரண்டு வகையையும் கலந்து, வாசல்கள் வெவ்வேறு திசை பார்க்க, ஒழுங்கற்று வையுங்கள்.

இறக்குமதிக் கூண்டு கைக்கு வந்ததும்

அனுமதியும் நலச்சான்றும் இல்லாத ராணியைத் தொடவே வேண்டாம். தீப்பெட்டி அளவுக் கூண்டில் என்ன வந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. 1956இல் பிரேசிலுக்கு ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க ராணிகள் அடுத்த ஆண்டே கூட்டங்களாகத் தப்பின; அவற்றின் வழித்தோன்றல்கள்தான் இரு அமெரிக்கக் கண்டங்களிலும் பரவிய முரட்டுத் தேனீக்கள். 1990இல் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே கேப் பகுதித் தேனீக்களை வடக்கே நகர்த்தியதில், அவற்றின் பணித்தேனீக்கள் மற்றவர் கூட்டில் புகுந்து பெண் முட்டையிட்டு ஏராளமான குடும்பங்களை அழித்தன. ஆப்பிரிக்காவுக்குரிய சிறு கூட்டு வண்டு 1998இல் அமெரிக்காவிலும் 2014இல் இத்தாலியிலும் அடையாளம் காணப்பட்டது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் ராணியோடு 20 துணைத் தேனீக்களுக்கு மேல் அனுமதி இல்லை. அந்தத் துணைகளையும் கூண்டையும் வண்டுப் பரிசோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சட்டம் கேட்காத இடத்திலும் இதைச் செய்வது நல்லது. ஜன்னல் மூடிய அறையில், அல்லது தெளிவான பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கூண்டைத் திறந்து, துணைத் தேனீக்களை ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள். ராணி பறந்தாலும் ஜன்னல் கண்ணாடியில்தான் போய் உட்காரும். துணைகளை ஆல்கஹாலில் போட்டு உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நோசிமா சோதனைக்கு எடுத்துவையுங்கள். ராணியைச் சுத்தமான புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள். பழைய கூண்டும் அதிலிருந்த மிட்டாயும் நெருப்புக்கு. துணைகள் இல்லாத ராணியை ஏற்பதும் எளிது. கம்பிவலை வழியே அந்நியத் தேனீக்கள் சண்டையிடும் வேலை மிச்சம். ஆனால் இறகுச் சிதைவு வைரஸ் முட்டை வழியும் விந்து வழியும் கடக்கக்கூடியது. துணைகளை நீக்கியதாலேயே எல்லாம் சுத்தமாகிவிடாது. அதனால்தான் தனிமைப்படுத்தலும் தேவை.

பயணச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. ராணியின் விந்துப் பையில் இருக்கும் சில மில்லியன் விந்தணுக்கள் அதன் ஆயுள் முழுமைக்குமான முதல். வெப்பம் 15 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அவற்றுக்குப் பாதுகாப்பு. அதற்குக் கீழே குளிர்ந்தாலும் மேலே சுட்டாலும் ஒரு சில மணி நேரத்திலேயே உயிருள்ள விந்தணு விகிதம் குறைகிறது. ராணி சாகாது, சுறுசுறுப்பாக நடக்கும், முட்டையும் இடும். சில மாதத்தில் குடும்பம் அதை மாற்றிவிடும். பெட்டியில் சிறு வெப்பப் பதிவுக் கருவி ஒன்றைப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் நிழலில் வைத்து வலைமேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். தேன் வேண்டாம்.

இங்கே ஒரு தீர்மானம் தேவை. மரபை மட்டும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் உள்ளூர் ராணிகளையும் அதே நான்கைந்து நாள் கூண்டில் அடைத்து வையுங்கள். "நான் வாங்குவது எப்படி இருக்கும்" என்பதுதான் கேள்வி என்றால் அடைக்க வேண்டாம். பயணச் சேதமும் வாங்கும் பொருளின் ஒரு பகுதிதான். எங்கள் கணிப்பில் தேனீ வளர்ப்பவருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ராணியை ஏற்கவைத்தல்

வேறு துணையினத்து ராணியைப் பெரிய குடும்பம் எளிதில் ஏற்காது. வயதான வெளிவேலைத் தேனீக்கள்தான் அதைக் கொல்பவை. புதிதாக வெளிவந்த இளசுகளுக்கு எந்த ராணியும் ராணிதான். எனவே எடை போட்டுப் பிரித்த தேனீக்களோடு நேரே சேர்ப்பதைவிட, முதலில் சிறு பெட்டியில் ஏற்கவைத்துப் பிறகு இணைப்பது பத்திரம். நியாயமான ஒப்பீட்டுக்கு இரு பக்கத்துக்கும் ஒரே முறை.

1. பலமான குடும்பத்திலிருந்து தேனீ வெளிவந்துகொண்டிருக்கும் மூடிய புழு அடை இரண்டு, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் ஒன்று எடுத்து ஐந்து சட்டச் சிறு பெட்டியில் வையுங்கள். முட்டையும் இளம்புழுவும் இல்லாத அடையாகத் தேடி எடுக்க வேண்டும். இருந்தால் சொந்தமாக ராணி அறை கட்டத் தொடங்கிவிடும்.

2. இன்னும் இரண்டு புழுச் சட்டத்துத் தேனீக்களை அதில் உதறுங்கள். பெட்டியை அதே பண்ணையில் சில மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு நாளில் வெளிவேலைத் தேனீக்கள் பழைய வீட்டுக்குத் திரும்பிவிடும்; மிஞ்சுவது இளசுகள். இறக்குமதி ராணிக்கான சிறு பெட்டியை இதற்குப் பிறகுதான் தனிமை இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

3. அழுத்துக் கூண்டு: 3 மில்லிமீட்டர் கண் கொண்ட கம்பிவலையில் 10க்கு 10 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் உயரம். தேனீ வெளிவரும் புழு அறைகள், கொஞ்சம் காலி அறைகள், சில தேன் அறைகள் மூன்றும் உள்ளே விழும்படி இடம் பார்த்து, ராணியை உள்ளே விட்டு, விளிம்பை அடையின் நடுச்சுவர் வரை அழுத்துங்கள். மேலோட்டமாகச் செருகினால் ஓரத்தில் துளைத்து உள்ளே வந்துவிடுவார்கள்.

4. ஒன்றுக்கு ஒன்று எடை விகிதத்தில் சர்க்கரைப் பாகு கொடுங்கள், வெளியே தேன்வரத்து இருந்தாலும்கூட. பட்டினிப் பெட்டி ராணியை ஏற்காது.

5. நான்காம் அல்லது ஐந்தாம் நாள் திறந்து பாருங்கள். வலைமேல் இருக்கும் தேனீக்களை விரலால் தள்ளினால் விலகுகின்றனவா, நாக்கு நீட்டி ஊட்டுகின்றனவா? கூண்டுக்குள் முட்டை தெரிகிறதா? அப்படியானால் கூண்டை எடுக்கலாம். வலையை இறுகப் பற்றிக் கடித்துக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள்; எங்கோ ஒரு ராணி அறை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு சட்டத்தையும் தேனீ உதறித் தேடினால்தான் அது கண்ணில் படும்.

வாசலை அடைத்த மிட்டாயைத் தேனீக்கள் தின்று ராணியை விடுவிக்கும் மிட்டாய்க் கூண்டு முறையே போதும் என்பவர்கள் மிட்டாயில் தேன் சேர்க்காதீர்கள். எங்கிருந்து வந்த தேனோ, புழுவை அழுகவைக்கும் அமெரிக்கன் ஃபவுல்புரூட் நோயின் வித்து அதில் இருக்கலாம். மாவு கலக்காத பொடித்த சர்க்கரை 400 கிராம், இன்வெர்ட் சர்க்கரைப் பாகு (குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரித்த பாகு) 100 கிராம்; கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். இளகினால் கசிந்து ராணிமேல் ஒட்டும், இறுகினால் ஒரு வாரமானாலும் கரையாது. கூண்டைக் கிடைமட்டமாக, இரண்டு புழுச் சட்டங்களின் நடுவே, வலைப் பக்கம் தேனீக்கள் தொடும்படி வையுங்கள். வெளியேறும் துளை கீழே இருந்தால் செத்த துணைத் தேனீ விழுந்து அடைத்துக்கொள்ளும்.

பெட்டியில் ஒரே அறைக்குள் பல முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டியபடி கிடந்தால் அது முட்டையிடும் பணித்தேனீக் குடும்பம். அதில் எந்த நல்ல ராணியையும் போட்டு வீணாக்காதீர்கள்.

முட்டையிடல் சீரானதும் சிறு பெட்டியை அளவிட்ட தேனீக்களோடு, இரண்டுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்து இணைத்துவிடலாம். ஒரே ஒரு தாள், கத்தி நுனியால் நாலைந்து கீறல், அவ்வளவுதான். இறக்குமதி ராணியின் பெட்டிகள் மட்டும் இணைப்புக்கு முன் ஒரு முழுப் புழுச் சுற்றையாவது தனி இடத்தில் கழிக்கட்டும். உள்ளூர் ராணிகளையும் அதே நாள் வரை சிறு பெட்டியிலேயே வைத்திருங்கள். முன்னதாக இணைத்தால் தொடக்கமே கோணலாகிவிடும். அந்தச் சுற்றில் அழுகிய புழு, சுண்ணாம்புபோல் இறுகிய புழு, சிதைந்த இறகு எதுவும் தெரியாவிட்டால் மட்டும் கொண்டுவாருங்கள்.

குறியிடாத ராணி, அர்த்தமற்ற கணக்கு

இந்த வேலை முழுவதிலும் அதிகம் கெடுவது இங்கேதான். வெளி ராணியைக் குடும்பம் ஓசையின்றி மாற்றிவிடும். அடையின் நடுவே ஒன்றிரண்டு மாற்று ராணி அறைகள், மகள் வெளிவந்து உள்ளூர் ஆண்களோடு கூடி முட்டையிடத் தொடங்கும். சில சமயம் தாயும் மகளும் சில வாரம் ஒன்றாகவே நடமாடும். குறி இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து "இறக்குமதி ராணி நம் இடத்துக்குப் பழகிவிட்டது" என்று எழுதுவோம். பழகியது யாருமில்லை, அளந்தது உள்ளூர்க் கலப்பு மகளை. முதுகில் எண் வில்லை ஒட்டி, ஒரு பக்க இறகின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வில்லை உதிர்ந்தாலும் வெட்டிய இறகு சொல்லிவிடும். ராணி பிறந்த ஆண்டைக் காட்டும் நிறத்துக்கு உலகம் முழுக்க ஒரே வழக்கம்: ஆண்டின் கடைசி எண் 1, 6 என்றால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். ஒவ்வொரு அளவீட்டு நாளிலும் ராணியைக் கண்ணால் பார்த்து எண்ணைக் குறிக்காவிட்டால் அன்றைய மற்ற எண்களைப் பதிவில் சேர்க்காதீர்கள்.

குறியிட்ட ராணி காணாமல் போனால் அதுவும் ஒரு முடிவு. "மாற்றப்பட்டது" என்று தேதியோடு எழுதுங்கள்; அந்தப் பெட்டியை ஒப்பீட்டிலிருந்து நீக்குங்கள், ஆனால் எண்ணிக்கையிலிருந்து நீக்காதீர்கள். ஆறில் மூன்று மாற்றப்பட்டிருந்தால், மிஞ்சிய மூன்றும் எவ்வளவு தேன் கொடுத்தாலும் அந்த வகை தேறவில்லை.

அளவீடு

ஒன்பதாம் வாரத்திலிருந்து 21 நாளுக்கு ஒருமுறை. மூடிய புழுப் பரப்பை 5க்கு 5 சென்டிமீட்டர் கட்டம் போட்ட தெளிவான தகட்டை வைத்து எண்ணினால், ஒரு கட்டம் ஏறக்குறைய 100 பணித்தேனீ அறை. தேனீ மூடிய சட்டங்களின் எண்ணிக்கை, பெட்டியின் எடை, புகை போடாமல் திறந்தபோது நடந்துகொண்ட விதத்துக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண். இவை கால் மணி நேர வேலை.

எடையைத் தேன் எடுக்கும் நாளில் மட்டும் பார்ப்பது போதாது. வறட்சிக்காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த எடைகளின் வித்தியாசம்தான் சிக்கனத்தைக் காட்டும். இத்தாலிய வகை, பூ நின்ற பிறகும் புழு வளர்த்துக்கொண்டே போகும்; நீண்ட பூக்காலத்தில் அது பலம், நீண்ட வறட்சியில் அதே குணத்தால் பெட்டி காலியாகும். கார்னியோலன் வகை மகரந்த வரத்தைப் பார்த்துப் புழுவைக் கூட்டும், குறைக்கும். பதிலுக்கு, வரத்து கூடியதும் கூட்டம் பிரியத் துடிக்கும்.

உண்ணி எண்ணிக்கையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். புழுச் சட்டத்திலிருந்து, ராணி அதில் இல்லை என்று உறுதிசெய்த பின், 120 மில்லி அளவுக்கு, அதாவது சுமார் 300 தேனீக்களை ஆல்கஹாலில் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி வடிகட்டி எண்ணுங்கள். 9 உண்ணி என்றால் நூறுக்கு 3. அந்த அளவைத் தொட்டால் எந்த வகை ராணியானாலும் சிகிச்சை தேவை. ஒரே ஒரு நாளின் எண்ணைவிட அது ஏறும் வேகம்தான் ராணியைப் பற்றிச் சொல்லும்: ஒன்பதாம் வாரத்தில் நூறுக்கு 1 இருந்தது, இரண்டு புழுச் சுற்றுக்குப் பிறகு ஒரு பெட்டியில் 1.5, இன்னொன்றில் 4 என்றால் அந்த இடைவெளி பேசுகிறது. ஒரு பெட்டி எல்லையைத் தாண்டினால் அந்தத் தேதியில் அதன் உண்ணிக் கணக்கை முடித்துக்கொண்டு மருந்து போடுங்கள். ஒப்பீட்டுக்காகக் குடும்பத்தைச் சாகவிடுவது அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்கு உண்ணியை விநியோகிப்பது.

சுத்தம் செய்யும் குணத்துக்கு ஊசிச் சோதனை. வெள்ளை முதல் இளஞ்சிவப்புக் கண் நிலையில் கூட்டுப்புழு உள்ள மூடிய அடையில், பக்கத்துக்குப் பக்கம் 50 அறைகளை மெல்லிய பூச்சி ஊசியால் மூடி வழியே குத்திப் புழுவைக் கொல்லுங்கள். சட்டத்தின் மேற்கட்டையில் இடத்தைக் குறித்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எத்தனை அறை முழுக்கக் காலியானது என்று எண்ணுங்கள். எல்லாப் பெட்டியையும் அதே நாளில், அதே இடைவெளியில் பார்த்தால்தான் எண்கள் ஒப்பிடத்தக்கவை. வரத்து மிகுந்த நாளில் எல்லோரும் சுத்தமாகத் தெரிவார்கள். எனவே இரண்டு முறை செய்யுங்கள்.

ஓட்டை விழுந்த புழு அடை

உள்ளூர் ராணியின் பக்கம் பேசுபவர்கள் மறைக்கக்கூடாத பலவீனம் இது. மூடிய புழு அடையில் பக்கத்துக்குப் பத்து அறை கொண்ட சாய்சதுரத்தில், அதாவது நூறு அறையில், காலி அறைகளை எண்ணுங்கள். ஐந்தாறு என்றால் கவலை இல்லை. பதினைந்து இருபது என்றால் காரணம் தேட வேண்டும்.

தேனீயில் பாலினத்தை ஒரு மரபணு இடம் தீர்மானிக்கிறது. கருவுற்ற முட்டையில் இரண்டு வேறு வடிவங்கள் சேர்ந்தால் பெண். ஒரே வடிவம் இரண்டு சேர்ந்தால் பயனற்ற இரட்டை மரபு ஆண். அந்தப் புழுவைப் பொரித்த சில மணி நேரத்திலேயே பணித்தேனீக்கள் தின்றுவிடும். ராணி பதினைந்து ஆண்களோடு கூடியது, அதில் ஒன்று மட்டும் அதன் வடிவத்தைப் பகிர்கிறது என்றால் இழப்பு முப்பதில் ஒன்று, சுமார் 3 சதவீதம். நூறில் பதினைந்து இருபது காலி என்றால் ஐந்தாறு ஆண்கள் உறவுக்காரர்கள். பத்துப் பதினைந்து பெட்டிகளுக்குள்ளேயே வருடக்கணக்கில் மகள் எடுத்துக்கொண்டிருக்கும், சுற்றிலும் வேறு தேனீ இல்லாத பண்ணையில் இது நிச்சயம் வரும். வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் ஒரு வட்டத்தைப் பல தலைமுறை காப்பாற்ற 35 முதல் 50 தாய் ராணிகள் வேண்டும் என்பது இனப்பெருக்கக் கணக்கு.

ஓட்டைக்கு வேறு காரணமும் உண்டு. எது என்று வயதை வைத்துப் பிரிக்கலாம். முட்டை தொடர்ச்சியாக இருந்து, ஒன்றிரண்டு நாள் புழு நிலையிலேயே இடைவெளி விழுந்திருந்தால் இரத்த உறவு. பெரிய புழு வரை நிறைந்திருந்து மூடிய பிறகு ஓட்டை விழுந்தால், உண்ணி புகுந்த அறையைத் தேனீக்கள் திறந்து சுத்தம் செய்கின்றன, அல்லது நோய். முன்னதற்கு ராணியை மாற்ற வேண்டும். பின்னதில் சுத்தம் செய்யும் பெட்டி என்றால் அந்த ராணியைத்தான் தாயாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டையைப் பார்த்ததும் ராணியை நசுக்குபவர்கள் சில சமயம் பண்ணையின் மிகச் சிறந்த ராணியைத் தொலைக்கிறார்கள்.

இறக்குமதி எங்கே பொருந்தும்

பருவத் தொடக்கத்தில் உள்ளூர் ஆண் தேனீ இன்னும் பறக்காத வாரங்களில் ராணி இழந்த குடும்பத்துக்கு வேறு வழியில்லை. வெப்பமான பகுதியிலிருந்து வரும் ராணி அந்தக் குடும்பத்தை நிறுத்தும். அப்படிப் போட்டதை நிரந்தரமாக நினைக்க வேண்டாம். வரத்து முடியும் முன் உள்ளூர் ராணியால் மாற்றிவிடுங்கள். உறவு நெருங்கிப்போன பண்ணைக்கு வேறு வழி வேண்டுமானால், கடல் தாண்டுவதைவிட அதே தட்பவெப்பத்தில் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பண்ணையோடு ராணி மாற்றிக்கொள்வது நல்லது. மூன்றாவது, உண்ணி எதிர்ப்புக்கென்றே தேர்ந்தெடுத்த வழிகள். உண்ணி புகுந்த புழுவைத் தேடி அகற்றும் குணம் உள்ளூர் ஆணோடு கலந்த மகளிடமும் ஓரளவு தங்கும். அதற்குப் பிறகும் அளந்து தேர்ந்தெடுக்காவிட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் கரையும்.

ஒன்றை முன்பே கணக்கில் எடுங்கள். இறக்குமதி ராணியின் மகள் பாதிதான் அதன் தாய். ஆனால் அதன் மகன்கள் கருவுறாத முட்டையிலிருந்து வருபவை. முழுக்க முழுக்கத் தாய் வழி. ராணியும் ஆணும் கூடும் இடத்தில் நாம் காவல் நிற்க முடியாது. அக்கம்பக்கத்துக் கன்னி ராணிகள் எல்லாம் அந்த ஆண்களைச் சந்திக்கும். முதல் கலப்பு பெரும்பாலும் வீரியமாகத் தெரியும். இரண்டாம், மூன்றாம் கலப்பில் குணம் சிதறி, முரடான பெட்டிகள் தலைகாட்டும். முதல் கலப்பின் தேனைப் பார்த்து மயங்கி அதிலிருந்து மகள் எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எனவே ஒப்பீடு நடக்கும் காலம் முழுக்க இறக்குமதிப் பெட்டிகளில் ஆண் அடையை ஒரு சட்டத்தில் குவியச் செய்து, மூடியதும் வெளிவரும் முன் எடுத்து உறையவைத்துவிடுங்கள். உண்ணியும் அதோடு குறையும். இரண்டு பக்கமும் சமமாக இருக்க உள்ளூர்ப் பெட்டிகளிலும் அதையே செய்யுங்கள். ஆண்டுச் சுற்று முடிந்து எந்த வகை தேறியது என்று தெரிந்த பிறகுதான் எந்தப் பெட்டியின் ஆணைப் பறக்கவிடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். தேறாத வகையின் ராணிகளை அகற்றும்போது முதலில் மாற்று ராணிகள் சிறு பெட்டிகளில் முட்டையிடுவதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எடுத்த பழைய ராணியையும், புது ராணியின் மூடிய புழு தெரியும்வரை, இரண்டு சட்டத்தோடு தனியே உயிரோடு வைத்திருங்கள்.